கோட்டைத் தாண்டிய புது வாலிபர்

மணிமுத்தாறு அணைக்கட்டின் அடிவாரத்தில் ஒரு மாலைப் பொழுதையேனும் கழித்தவர்களுக்கு அவ்விடத்தின் வனப்பை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேற்கே மாஞ்சோலை மலைகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல இறங்குகிறான். 1958-ஆம் வருஷத்தில் எழுந்த அந்த அணை, 118 அடி வரையில் நீரைத் தேக்கும் வல்லமையைத் தன்னுள் அடக்கிக்கொண்டு மௌனமாய் நிற்கிறது. அருவியில் நீராடியவர்கள் ஈரத் துணியும் பலகாரப் பொட்டலமுமாய் வண்டி ஏறுகிறார்கள். நானும் அவ்விதம் வண்டி ஏறப் போனவன்தான். ஆனால் சாலையோரத்துப் பொட்டலிலிருந்து எழுந்த ஒரு சப்தம் என்னைத் தடுத்து நிறுத்திவிட்டது.

"கபடி, கபடி, கபடி..."

பத்துப் பதினைந்து பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். களத்துக்கு எல்லை சுண்ணாம்புக் கோடு அன்று. குச்சியால் கிழித்த கோடுதான். பதினான்கு வயது மதிக்கத்தக்க ஒருவன் பாடிப் போனான். நால்வர் அவன் மீது விழுந்தார்கள். புழுதிக்குள் சிறிது நேரம் கையும் காலுமே தெரிந்தன. பிறகு அந்தக் குவியலிலிருந்து ஒரு கை மட்டும் பாம்பைப் போல் நீண்டு வந்து நடுக் கோட்டைத் தொட்டது. உடனே எழுந்த ஆரவாரத்தில், பக்கத்து மரத்தில் அடைந்திருந்த காகங்கள் எல்லாம் பறந்துவிட்டன.

என் அருகில் பனந்தடியின் மேல் அமர்ந்திருந்த ஒரு பெரியவர், என் முகத்தில் தெரிந்த உற்சாகத்தைக் கண்டு பேச்சுக் கொடுத்தார்.

"டி.வி.யில தமிழ்த் தலைவாஸ் ஆட்டம் பாத்திருக்கியளா?"

பார்த்திருக்கிறேன் என்றேன்.

"பேரு தமிழ்த் தலைவாஸ். ஆனா உள்ள பாடிப் போற பையன் வடக்கத்தியான். நம்ம பயலுவ இங்கின புழுதியில உருளுதானுவ. இது எந்த ஊர் நியாயம், நீங்களே சொல்லுங்க!"

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர் குறிப்பிட்ட அந்த வடக்கத்தி வாலிபரின் கதையை ஆதியோடந்தமாக எண்ணிப் பார்த்தால், அக்கேள்விக்கு விடை அதற்குள்ளேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆகையால் நேயர்களுக்கு அக்கதையைச் சொல்கிறேன்.

மாண்டவரை எழுப்பும் ஆட்டம்

சடுகுடு என்றும், பலிஞ்சடுகுடு என்றும், கபடி என்றும் பலவாறாக அழைக்கப்படும் நம் நாட்டு ஆட்டத்தைச் சிறு பிராயத்தில் ஆடாத ஆண்மகன் நம் கிராமங்களில் அபூர்வம். ஆயினும் பட்டணத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்காக அதன் சூட்சுமத்தைச் சற்றே சொல்லி வைப்பது நலம்.

13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட களம். அதன் நடுவே ஒரு கோடு. கோட்டின் இருபுறமும் எவ்வேழு பேர். ஒரு கட்சியிலிருந்து ஒருவன் தன்னந்தனியே கோட்டைத் தாண்டி, மூச்சு விடாமல் 'கபடி' என்று சொல்லிக்கொண்டே எதிரிகளின் எல்லைக்குள் நுழைய வேண்டும். அவனுக்குக் கொடுக்கப்படும் அவகாசம் 30 விநாடி. அதற்குள் எவரையேனும் கையாலோ காலாலோ தொட்டுவிட்டுத் தன் பக்கம் திரும்பினால், தொட்ட தலைக்கு ஒரு புள்ளி. தொடப்பட்டவர்கள் வெளியேற வேண்டும். அவனையே மடக்கிப் பிடித்துவிட்டாலோ, வெளியேற வேண்டியவன் அவன்.

இதுவரை எல்லாரும் அறிந்ததே. ஆட்டத்தின் உயிர்நிலை இதற்கு மேல்தான் இருக்கிறது. வெளியேறியவனை 'மாண்டவன்' என்று சொல்வது வழக்கம். மாண்டவன் தன் சொந்த முயற்சியால் களத்துக்குத் திரும்ப முடியாது. அவனுடைய கட்சிக்காரர்கள் எதிரியில் ஒருவனை வெளியேற்றினால்தான் இவன் உயிர் பெற்று உள்ளே வரலாம். ஆகவே பாடிப் போகிறவன் எத்துணைச் சூரனாயினும், அவன் பிடிபட்ட மறுகணத்தில் அவனுடைய உயிர், பின்னால் நிற்கும் பிடிகாரர்களின் கையில் இருக்கிறது. அவர்கள் எதிரியைப் பிடித்தால் இவன் எழுவான். பிடிக்கத் தவறினால் இவன் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

ஒருவனுடைய வீரத்தையும் எழுவருடைய ஒற்றுமையையும் இவ்விதம் ஒரே முடிச்சில் பிணைத்து வைத்த நம் முன்னோரின் புத்தி நுட்பத்தை என்னவென்று சொல்வது! இந்த முடிச்சை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் மேலே சொல்லப் போகும் கதை விளங்கும்.

விழுந்த தலைவனும் எழுந்த புதியவரும்

2014-ஆம் வருஷத்தில் 'புரோ கபடி லீக்' என்னும் தொழில்முறைப் போட்டி நம் நாட்டில் தொடங்கிற்று. மண்ணில் ஆடிய ஆட்டம் ரப்பர் மெத்தைக்கு ஏறியது. ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்தார்கள். கோடிக்கணக்கான ஜனங்கள் வீட்டிலிருந்தபடியே தொலைக்காட்சியில் கண்டு களித்தார்கள். 2017-இல் நம் மாகாணத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு 'தமிழ்த் தலைவாஸ்' என்ற அணி அதில் சேர்ந்தது.

பெயரில் இருந்த தலைமை, பட்டியலில் இல்லை. முதல் இரண்டு பருவங்களிலும் அணித் தலைவர் அஜய் தாக்கூர் பாடிப் போய், பருவத்துக்கு 200-க்கு மேற்பட்ட புள்ளிகளைக் குவித்தார். அப்படியிருந்தும் இரண்டு முறையும் அணி தன் பிரிவில் கடைசி இடத்தையே அடைந்தது. 2019-இல் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. அதற்கடுத்த பருவத்தில் பதினோராவது. தமிழ் மக்களின் அபிமானம் பொறுமையின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

2022-ஆம் வருஷம் ஆகஸ்டு மாத ஏலத்தில் அணியின் சொந்தக்காரர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். அப்போது நாட்டிலேயே தலைசிறந்தவராக மதிக்கப்பட்ட பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். அந்த லீகின் சரித்திரத்தில் அதுவரை எவருக்கும் அவ்வளவு பெரிய தொகை கொடுக்கப்பட்டதில்லை. இனி நமக்கு விமோசனம்தான் என்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.

அக்டோபர் 8-ஆம் தேதி, பெங்களூரில் முதல் ஆட்டம். எதிரி குஜராத் ஜயண்ட்ஸ். ஆட்டம் சூடு பிடிப்பதற்கு முன்பே பவன் ஷெராவத் முழங்காலில் அடிபட்டு விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவர் திரும்பவேயில்லை. இரண்டேகால் கோடி ரூபாயும், அதைவிட விலை மதிப்புள்ள நம்பிக்கையும், சில நிமிஷங்களில் மெத்தையின் மேல் சரிந்து கிடந்தன.

அப்போது பாடிப் போகும் பொறுப்பு யார் தலையில் விழுந்தது தெரியுமா? நரேந்தர் என்னும் ஹரியானா வாலிபர் தலையில். புதிய இளம் ஆட்டக்காரர்கள் என்ற பிரிவிலிருந்து வந்தவர். அன்றைக்கு முன் அந்த லீகில் ஒரு பருவம்கூட ஆடியறியாதவர். அவரை அறிந்தவர்கள் அவருடைய ஊர்க்காரர்களும் பயிற்சியாளர்களுமே. அப்படிப்பட்டவர் சற்றும் கலங்காமல் கோட்டைத் தாண்டிப் போனார், போய்த் திரும்பினார், மறுபடியும் போனார். அன்றைய ஆட்டம் 31-31 என்று சமமாக முடிந்தது.

அதைத் தொடர்ந்து தோல்விகள் வராமல் இல்லை. பருவம் தொடங்கிய சில வாரங்களுக்குள் பயிற்சிப் பொறுப்பு ஆஷன் குமாரின் கைக்கு மாறியது. சாகர், சாஹில் குலியா முதலிய இளம் பிடிகாரர்கள் இருபுறத்து மூலைகளையும் காத்தார்கள். அஜிங்க்ய பவார் பாடுவதில் தோள் கொடுத்தார். நரேந்தர் பிடிபட்டு வெளியே அமரும்போதெல்லாம், பின்னால் நின்றவர்கள் எதிரியைப் பிடித்து அவருக்கு உயிர் கொடுத்தார்கள். உயிர் பெற்றவர் மறுபடியும் பாடிப் போய்ப் புள்ளி கொண்டுவந்தார். முன் சொன்ன முடிச்சு இறுகிவிட்டது.

22 லீக் ஆட்டங்களின் முடிவில் அணி ஐந்தாவது இடத்தைப் பிடித்தது. டிசம்பர் 13-ஆம் தேதி பம்பாயில் வெளியேற்றுச் சுற்று. யு.பி. யோத்தாஸ் அணியுடன் 36-36 என்று சமம். இரு கட்சிகளும் ஐந்து ஐந்து முறை பாடித் தீர்க்க வேண்டிய நிலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்தச் சில நிமிஷங்களில் 6-4 என்று தமிழ் அணி வென்றது. இரண்டு நாள் கழித்து நடந்த அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது. தோல்விதான், ஆனால் அரையிறுதி என்ற வாசற்படியை அவ்வணி மிதித்தது அதுவே முதல் தடவை.

அந்தப் பருவத்தில் நரேந்தர் பாடிப் போய் ஈட்டிய புள்ளிகள் 243. ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல். முதல் பருவத்திலேயே இவ்வளவு புள்ளிகளை அதுவரை எவரும் எடுத்ததில்லை. நாடறிந்த ஆட்டக்காரர்களின் வரிசையில், நேற்று வந்த வாலிபரின் பெயர் முதல் ஐந்து பேருக்குள் இடம் பெற்றது.

கடல் கடந்து ஒரு சான்று

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய அதிசயமோ என்றால், அன்று. அமெரிக்காவில் 'புட்பால்' என்று ஓர் ஆட்டம் உண்டு. பெயரில் கால் இருக்கிறதே தவிர, காரியம் பெரும்பாலும் கையில்தான். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரே மதில்போல் நிற்கும் தடியர்களைப் பிளந்து ஓடுகிறவனை அங்கே 'ரன்னிங் பேக்' என்கிறார்கள். நம் சடுகுடுவில் பாடிப் போகிறவனுக்கு ஏறக்குறைய ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். அவன் ஓடிக் கடந்த தூரத்தைக் கெஜக் கணக்கில் அளந்து வைக்கிறார்கள்.

1983-ஆம் வருஷத்தில் எரிக் டிக்கர்ஸன் என்ற புது வாலிபர், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்காகத் தம் முதல் பருவத்திலேயே 1,808 கெஜம் ஓடினார். முதல் வருஷத்து ஆட்டக்காரர் எவரும் இன்றளவும் அதைத் தாண்டவில்லை. முந்திய வருஷம் இரண்டு வெற்றியும் ஏழு தோல்வியுமாக நின்ற அணி, அந்த வருஷம் ஒன்பது வெற்றியும் ஏழு தோல்வியும் கண்டது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: அதே வருஷத்தில்தான் ஜான் ராபின்ஸன் என்ற புதிய பயிற்சியாளரும் அவ்வணிக்கு வந்தார்.

இதற்கு மாறான உதாரணமும் அங்கேயே இருக்கிறது. 2018-இல் சேக்வான் பார்க்லி என்ற புதியவர், நியூ யார்க் ஜயண்ட்ஸ் அணிக்காக ஓடியும் பந்தைப் பிடித்தும் 2,028 கெஜம் கடந்து, அந்த வருஷத்துப் புதியவர்களுக்கான விருதையும் பெற்றார். அணிக்குக் கிடைத்ததோ ஐந்து வெற்றி, பதினொரு தோல்வி! நம் அஜய் தாக்கூரின் கதையேதான்.

ஆகவே, எந்தத் தேசத்தில் பார்த்தாலும் பாடம் ஒன்றாகவே இருக்கிறது. புதியவன் ஒருவன் பளிச்சென்று மின்னுவது அவனுடைய சொந்தத் திறமையால். அவன் மின்னியதால் வீடு முழுவதும் வெளிச்சம் பெறுவது, அவனைத் தாங்கி நிற்கும் ஏற்பாட்டால். 2023-லும் 2024-லும் நரேந்தர் அதே அணியில்தான் ஆடினார். ஆயினும் அணி மறுபடியும் அரையிறுதியை எட்டவில்லை. முதல் வருஷம் அவரை அறியாத எதிரிகள், அடுத்த வருஷம் அவருடைய ஒவ்வோர் அடியையும் படித்துக்கொண்டு வந்தார்கள். விழுந்த பவன் ஷெராவத்தோ குணமடைந்து எழுந்து, 2023-இல் சீன தேசத்து ஹாங்ஜோவில் இந்திய அணிக்குத் தலைமை வகித்து, ஆசியப் போட்டியின் தங்கப் பதக்கத்தை மீட்டு வந்தார். 2018-இல் ஈரானிடம் நாம் இழந்த கௌரவம் அது. விளையாட்டில் ஒரே வருஷத்தைக் கொண்டு எவரையும் அளந்துவிடக் கூடாது.

தாமிரபரணிக் கரையின் மைந்தர்

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். வடக்கத்திப் பையன் பாடிப் போவது நியாயமா?

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆட்டம் தேசத்துக்குப் பொதுவானது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில், அமராவதியின் ஹனுமான் வியாயாம மண்டலத்தார் அந்நிய மண்ணில் நம் நாட்டு விளையாட்டுகளை ஆடிக் காட்டியபோது, அது மராட்டியருக்கு மட்டுமா பெருமை? ஹரியானா வாலிபர் தமிழ் அணியின் மானத்தைக் காத்தார் என்றால் அவருக்கு நாம் கை கூப்ப வேண்டுமேயன்றி முகம் சுளிக்கலாகாது. அன்றியும் அதே அணியில் தமிழ் இளைஞர்களும் இடம் பெற்றிருந்தார்கள்.

ஆயினும் பெரியவரின் மனத்தாங்கலில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த மண்ணுக்குத் திறமை இல்லையா? இருக்கிறது என்பதற்குத் தாமிரபரணிப் பிரதேசமே சாட்சி. மணிமுத்தாறு போய்க் கலக்கும் அந்த நதி, கிழக்கே கடலை நோக்கிச் செல்லும் பக்கத்தில், 1986 வரையில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்ததாகவும் இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கும் மணத்தி என்ற சிற்றூர் உண்டு. அவ்வூர்க் கணேசன், 1994-இல் ஜப்பான் தேசத்து ஹிரோஷிமாவில் நடந்த ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். 1995-ஆம் வருஷத்துக்கான அர்ஜுனா விருதையும் பெற்றார். அவருடைய வாழ்க்கையை ஆதாரமாகக் கொண்டு, கற்பனையும் கலந்து, மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன் காளமாடன்' என்னும் படம் 2025-இல் வெளிவந்தது. அதைக் கண்ட பிறகே, மணத்தி என்று ஓர் ஊர் இருப்பது பட்டணவாசிகள் பலருக்குத் தெரிய வந்தது. தங்கம் வென்று முப்பத்தொரு வருஷம் கழித்து!

அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியாவின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் கபடியில் தங்கம் வென்றன. ஒன்றில் நம் வடுவூர்ப் பையன். மற்றொன்றில் சென்னை கண்ணகி நகர்ப் பெண். சடுகுடு ஆண்பிள்ளைகளின் சொத்து என்று இனியும் எண்ணுகிறவர்கள் இருந்தால், அவர்கள் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

ஆகவே குறை திறமையில் அன்று. பின்னால் நிற்கும் ஏற்பாட்டில். ஹரியானா கிராமங்களில் பயிற்சிக் கூடங்கள் பல இருக்கின்றன. பதக்கம் வென்றவருக்கு உத்தியோகமும் வெகுமானமும் கொடுக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. ரயில்வேயும் ராணுவமும் ஆள் தேடி வருகின்றன. மகன் கபடி ஆடப் போகிறான் என்றால் தாய் தந்தையர் அதை ஒரு பிழைப்பாகவே கருதுகிறார்கள். வீண் பொழுதாகக் கருதுவதில்லை. நம் பக்கத்தில், பையன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும், "விளையாட்டு சோறு போடுமா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. நாமும் கேட்டிருக்கிறோம். ஒளிப்பானேன்?

இன்னொரு சிறு விஷயம். பார்வைக்குச் சிறிது, பலனில் பெரிது. நம் பையன்கள் மண்ணில் ஆடுகிறார்கள். பெரிய போட்டிகளோ மெத்தையில் நடக்கின்றன. மண்ணில் கால் சறுக்கிக் கொடுக்கும்; வெறுங்காலின் விரல்கள் பூமியைப் பற்றும். மெத்தையில் காலணி சட்டென்று பிடித்துக்கொள்ளும். திரும்பும் வேகம் வேறு, முழங்காலுக்கு ஏற்படும் ஆபத்து வேறு. மண்ணில் சிங்கமாய் நின்றவன் முதன்முறை மெத்தையில் ஏறும்போது தடுமாறுகிறான். தேர்வுக்கு வந்தவர்கள் அந்தத் தடுமாற்றத்தைத்தான் காண்கிறார்கள், சிங்கத்தைக் காண்பதில்லை. ஒரு தாலுகாவுக்கு ஒரு மெத்தையும், அதைப் பாதுகாக்க ஒரு கூரையும், பழக்கித் தர ஒரு நல்ல பயிற்சியாளரும் இருந்தால், எத்தனை கணேசன்கள் புழுதியிலிருந்து எழுவார்கள்!

மாண்டவன் தானே எழ முடியாது. மற்றவர்கள் பிடித்துக் கொடுத்தால்தான் எழ முடியும் என்பது அந்த ஆட்டத்தின் விதி. ஆட்டக்காரனுக்கு மட்டும் அன்று, அவனைப் பெற்ற ஊருக்கும் அதுவே விதி.

சென்ற வாரம் மறுபடியும் மணிமுத்தாறு செல்ல நேர்ந்தது. அதே பொட்டல், அதே பனந்தடி, அதே பெரியவர். நான் யோசித்து வைத்திருந்ததையெல்லாம் அவரிடம் விவரமாகச் சொன்னேன். நரேந்தரின் 243 புள்ளிகளைச் சொன்னேன். பின்னால் நின்ற பிடிகாரர்களைச் சொன்னேன். மணத்தி கணேசனைப் பற்றி நான் வாய் திறப்பதற்குள், அவரே கண்கள் பளபளக்க, "அந்தத் தம்பியைத் தெரியாமலா?" என்றார். கடைசியில் மெத்தையைப் பற்றியும் சொல்லி முடித்தேன்.

பெரியவர் சற்று நேரம் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று புழுதியிலிருந்து கையை நீட்டிக் கோட்டைத் தொட்ட பையன், முழங்கையில் புதிதாய் ஒரு சிராய்ப்புடன், மறுபடியும் பாடிப் போய்க்கொண்டிருந்தான்.

"நீங்க சொல்லுதது எல்லாம் சரிதான்" என்றார் பெரியவர். "அந்த மெத்தை எப்ப வரும்? இவனுக்கு இப்பவே பதினாலு வயசு."

நேயர்களே! இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன் மட்டும் அல்லன்.